அப்பாவின் கால் நனைந்தால்தான் செய்தி

எங்கள் அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்து, ‘அன்பின் திருவுருவம்’ என்று தொடங்கினேன். “யாரு பாத்தது?” என்று அப்பா கேட்பது போலவே இருந்தது. அடித்துவிட்டேன். காலமெல்லாம் வாரப் பத்திரிகை நடத்தியவர், எந்தச் செய்தி வந்தாலும் முதலில் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். ஆகவே நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா நீடாமங்கலத்துக்கு அருகே ஒரு சிற்றூரில், குத்தகைக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு சொந்தமாகச் செய்திப் பத்திரிகை தொடங்கினார். முதலாளி, ஆசிரியர், நிருபர், கட்டுகளைப் பேருந்தில் ஏற்றுபவர், எல்லாம் அவரே.

தொழிலில் அவர் செய்த பெரிய பிழையை அவரே எல்லோரிடமும் சொல்லுவார். ‘கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது’ என்று யாரோ அனுப்பிய குறிப்பை, சாப்பாட்டு நேரம் என்பதால் போய்ப் பார்க்காமல் அப்படியே போட்டுவிட்டார். நாகப்பட்டினம் பக்கம், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் எங்கள் தாய்மாமா அதை நம்பி நாற்று விட்டார். தண்ணீர் வரவில்லை. நாற்று கருகியது. மாமா அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். அப்பா அதற்கு மனம் நொந்து அழுததை நான் பார்த்தேன்.

அடுத்த ஆண்டிலிருந்து, ஆற்றில் தண்ணீர் திறந்ததும் அப்பா மொபெட்டில் மாமா ஊர் வாய்க்காலுக்குப் போய்விடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நிற்பார். கணுக்கால் நனைந்தால் ‘கணுக்கால் அளவு’, முழங்கால் நனைந்தால் ‘முழங்கால் அளவு’. நனையாவிட்டால் செய்தி இல்லை.

ஒருமுறை பிரமுகர் ஒருவர், தாம் மதகில் பூத்தூவும் படத்தை முதல் பக்கத்தில் போடச் சொல்லி ஆளனுப்பினார். அப்பா, வெடித்த வாய்க்கால் மண்ணில் நிற்கும் தம் காலைப் படமெடுத்துப் போட்டார்.

“ஒங்க காலப் பாக்கவா ஜனங்க பேப்பர் வாங்குறாங்க?” என்று அந்த ஆள் வீட்டுக்கே வந்து கத்தினார்.

“ஒங்க பூவயும் பாத்தோங்க. நாத்துக்கு அது பத்தலயே” என்று சொல்லி, அப்பா அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

மாமா பேசத்தான் இல்லையே தவிர, வாரம் தவறாமல் ‘ஆசிரியர் அவர்களுக்கு’ என்று கடிதம் போட்டுத் திட்டினார். அப்பா ஒரு வரி வெட்டாமல் அச்சிட்டார். என் கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு வந்து, அப்பாவைப் பார்க்காமலே சாப்பிட்டுப் போன மாமா, ரசம் சூடாக இல்லை என்று எழுதினார். அதுவும் வந்தது.

“நம்ம வீட்டு விசேஷத்த நம்ம பேப்பர்லயே நாறடிக்கிறீங்களே!” என்று அம்மா சண்டைக்கு நின்றார்.

“ஒன் தம்பி வாசகன்டி. அவன வெட்டுனா, நாளைக்கு மந்திரி வெட்டச் சொல்றதயும் வெட்டணும். ரசம் ஆறித்தானே இருந்துச்சு?” என்றார் அப்பா.

இந்த ஆண்டு தண்ணீர் திறந்தபோது அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. நான் போய் இறங்கி நின்றேன். திரும்பி வந்து, “கணுக்கால் அளவு, அப்பா” என்றேன்.

“நீ என்னவிட ஒசரம். ஜனங்க என் கணுக்கால்னுல்ல நெனச்சுப்பாங்க? அதயும் போடு” என்றார். ‘அளந்தவர் மகள். ஆசிரியரைவிட உயரம்’ என்று சேர்த்தேன். அவர் கடைசியாகத் திருத்திய செய்தி அது. இதழ் வெளிவந்த மறுநாள் அப்பா காலமானார்.

மாமா காலில் நாற்றங்கால் சேறோடு வந்தார். அந்த இதழைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். அப்பாவின் தலைமாட்டில் குனிந்து, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பேசினார்:

“அத்தான், நான் வாய்க்காலப் போய்ப் பாக்கல. பேப்பரப் பாத்துட்டு வெதநெல்ல ஊறப்போட்டுட்டேன்.”

அங்கேயே உடைந்து அழுதார். நாங்களும் அழுதோம்.

கடைசி வரை பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், செவிலியருக்கும், அடுத்த இதழ் தாமதமானதைப் பொறுத்துக்கொண்ட வாசகர்களுக்கும், அடுப்பு முதல் பந்தல் வரை தங்கள் வீடாக நினைத்துச் செய்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

பதினாறாம் நாள் விருந்து முடிந்த மறுவாரம் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. ‘ஆசிரியர் அவர்களுக்கு’ என்று என்னை அழைத்து, சாம்பாரில் உப்பில்லை என்று எழுதியிருந்தார். ஒரு வரி வெட்டாமல் போட்டிருக்கிறேன்.