பேய் மாதத்தில் நிரம்பிப்போன தேதி

சியாயி நகரத்துப் பின் தெருவில் கல்யாணப் படக்கடை வைத்திருக்கிற பி-யுன் பதினைந்து வயதில் தொழிலுக்கு வந்தவள். முதலில் நெகட்டிவில் மணப்பெண்களின் பருவை அழிக்கிற வேலை, பிறகு கேமரா, பிறகு சொந்தக் கடை. விறைத்து நிற்கிற மாப்பிள்ளையைச் சிரிக்க வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "மாப்ளே, பக்கத்துல நிக்கறது பொண்ணு, போலீஸ் இல்ல!" என்று ஒரு அதட்டல் போடுவாள். அவ்வளவுதான், மாமியார் வரைக்கும் சிரித்துவிடுவார்கள்.

எதிரே ஆ-கின், வென்-லுங் இருவரும் நடத்துகிற காலைச் சிற்றுண்டிக் கடை. இருபத்தாறு வருஷமாக ஒரே கடை, ஒரே வீடு. ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று தெரு சொல்லிக்கொண்டது. உண்மை எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டுக் கேட்டவர்தான் இல்லை. பி-யுன் தினமும் அங்கேதான் சாப்பிடுவாள். ஓரம் முறுகிய முட்டை ரொட்டியும் சர்க்கரை போடாத சோயாப் பாலும் அவள் சொல்லாமலே வந்துவிடும். அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவன் வென்-லுங்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது மே மாதம், ஆணும் ஆணும் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. ஜூலையில் ஒரு மத்தியானம், இஸ்திரி போட்ட சட்டையோடு இருவரும் படக்கடைக்குள் வந்து நின்றார்கள்.

"அக்கா, ஆகஸ்ட் இருபத்திரண்டு கையெழுத்துப் போடப் போறோம். நீங்கதான் எங்களப் படம் எடுக்கணும்," என்றான் ஆ-கின். காது சிவந்திருந்தது.

"நாங்க கடை திறந்த தேதி அது," என்றான் வென்-லுங். "பேய் மாசம்தான், தெரியும். இத்தன வருஷம் மனுசங்களையே சமாளிச்சுட்டோம், பேய் எங்கள என்ன பண்ணிடும்?"

பி-யுன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அடடா, அன்னிக்கு நாள் பூரா வேலை இருக்கே!" என்றாள்.

பொய் சொல்வதற்கும் ஒரு லட்சணம் வேண்டாமா? சீனப் பஞ்சாங்கத்தில் ஆகஸ்டையொட்டி வருகிற ஏழாம் மாதம் பேய்கள் வெளியே உலாவுகிற மாதம். அதில் இந்தத் தீவில் ஒருத்தரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆடி மாதத்தில் மண்டபம் கிடைக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? அவள் முதுகுக்குப் பின்னால் தொங்கிய நாட்காட்டியில் ஆகஸ்ட் முழுக்க வெள்ளையாக இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"பரவால்லக்கா," என்றான் ஆ-கின். "பேய் மாசத்துலயும் வியாபாரம் நடக்குதுன்னா நல்லதுதானே." அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பயம்தான், வேறென்ன. இவர்கள் படம் கண்ணாடி அலமாரியில் இருந்தால், பெண்ணைக் கூட்டிவரும் தாய்மார்கள் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்களோ என்ற பயம். அலமாரியில் வை என்று அவர்கள் கேட்கவே இல்லை என்பது அன்று ராத்திரி படுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஆகஸ்ட் இருபத்திரண்டும் வந்தது. வேலை இருக்கிறது என்று சொல்லியாயிற்று, கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார முடியுமா? ஷட்டரை இறக்கிவிட்டு மாடியில் ஒளிந்துகொண்டாள், அறுபதை நெருங்குகிற பொம்பளை. பத்து மணிக்கு எதிர்ப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரையை விலக்கிப் பார்த்தாள்.

சட்டையில் சிவப்புப் பூ குத்திக்கொண்டு இருவரும் தங்கள் கடை வாசலில் உள்பக்கம் பார்த்து நின்றார்கள். கடைக்குள் மேஜைமேல் சாஸ் பாட்டிலில் சாய்த்து வைத்த போன். ஆ-கின் அதை அழுத்திவிட்டு ஓடிவருவான், அது சரிந்து விழும், மறுபடி ஓடுவான். "வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்குடா, மூஞ்சி கருத்துப்போயிடும், இந்தப் பக்கம் திரும்புங்கடா," என்று பி-யுன் திரைக்குப் பின்னால் முணுமுணுத்தாள். இறங்கிப் போயிருக்கலாம். இருபது படிதான். போகவில்லை.

நாலு நாள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. ஐந்தாம் நாள் போனாள். முட்டை ரொட்டி வந்தது, ஓரம் முறுகலாகவே. ரொட்டி சுடுகிற கல்லுக்கு மேலே சுவரில் பெரிதாகச் சட்டம் போட்ட படம் தொங்கியது.

பக்கத்து மேஜைக் கிழவர் சத்தமாகக் கேட்டார்: "ஏம்ப்பா, எதிர்லயே படக்காரம்மா இருக்க, இப்படிக் கோணல்மாணலா எடுத்து வச்சிருக்கியே?"

"அக்காவுக்கு அன்னிக்கு நாள் பூரா வேலை, தாத்தா," என்றான் வென்-லுங், மாவைப் பரப்பிக்கொண்டே.

"பேய் மாசத்துலயா?" கிழவர் கெக்கெக்கென்று சிரித்தார்.

"ஆமா, பேய் மாசத்துலதான்," என்றான் ஆ-கின், சிரிக்காமல்.

அவள் சொன்ன பொய்யை அவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். பி-யுன் ரொட்டியைப் பாதியில் தட்டிலேயே வைத்தாள். கிழவர் எழுந்து போனதும் கல்லருகே போய் நின்றாள்.

"ஆ-கின், நான் வேற ஒண்ணு எடுத்துத் தரேன். நாளைக்கே. ஒழுங்கா, வெளிச்சம் பாத்து..."

சொல்லிக்கொண்டே படத்தை நிமிர்ந்து பார்த்தவள் நின்றுவிட்டாள். நினைத்தபடியே இருவர் முகமும் கருத்திருந்தது. பின்னால் தெருவுக்கு அப்பால்தான் காலை வெயில் பளிச்சென்று விழுந்திருந்தது: இறங்கிய ஷட்டர், மேலே மாடி ஜன்னல், விலகிய திரை, அதற்குள் ஒரு பாதி முகம். யாரும் சொல்லாமலே அடையாளம் தெரிகிற அளவுக்குத் துல்லியமான முகம்.

ஆ-கின் ரொட்டியைத் திருப்பிப் போட்டான்.

"வேண்டாம்க்கா, இதுவே போதும்," என்றான். "இதுல நீங்களும் வந்திருக்கீங்கல்ல."

இன்றும் பி-யுன் தினமும் அங்கேதான் சாப்பிடுகிறாள். அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறாள்.