பத்தாம் நம்பர் லென்ஸ்

நாத்தனார் அந்த வார்த்தையைச் சொன்னது என் மகளின் காதுகுத்து அன்று, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி, என் தம்பி வாங்கி வந்திருந்த தோட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. குழந்தை அழுது ஓய்ந்து என் தோளில் கிடந்தாள். நாத்தனார் அவள் காதைத் திருப்பிப் பார்த்தார். சுற்றியிருந்த பெண்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

“தாய்மாமன் தோடு கண்ணப் பறிக்குதுத்தா. கவரிங்கும் இப்பெல்லாம் இந்த மினுக்கு மினுக்குது.”

பெண்கள் சிரித்தார்கள். பக்கத்து வரிசையில் தம்பி சாம்பார் வாளியோடு நின்றான். அவன் காதிலும் விழுந்தது. வாளியைக் கீழே வைக்காமல் அடுத்த இலைக்குப் போனான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சாப்பிடாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. கம்பத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவன், ஆள் கூட்ட எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்கும் தினமும் வருவான். வாசலில் நின்று குழந்தையைக் கொஞ்சிவிட்டு, தண்ணீர்கூட வேண்டாம் என்று போய்விடுவான்.

“அக்கா அப்படித்தான் பேசும், விடு” என்றார் என் வீட்டுக்காரர்.

நான் விடவில்லை. தோட்டை ஆசாரியிடம் கொண்டுபோய் உரசிப் பார்க்கலாம். ஆனால் சோதித்துப் பார்த்தேன் என்கிற செய்தி எனக்கு முன்னால் ஊருக்குள் வந்துவிடும். தம்பியிடம் கேட்கலாம். கேட்டால் நாத்தனார் சொன்னதை நானும் ஒருமுறை சொன்னதாக ஆகிவிடும். தோட்டின் பின்பக்கம் கடை முத்திரை இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது கடுகைவிடச் சின்னது. அதை எல்லோருக்கும் தெரிகிற அளவுக்குப் படமாக எடுத்து, நடு வீட்டில் மாட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. மருமகள் மரியாதையும் கெடாது.

கேமரா என்னிடம் இருந்தது. அப்பா தந்தது, பழைய ஃபிலிம் கேமரா. பார்க்கிற ஜன்னல் ஒரு மூலையில் இருக்கும், படம் பிடிக்கிற லென்ஸ் நடுவில் இருக்கும். ஜன்னலுக்குள் உருவம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் தெளிவாக விழும். ஆனால் மூன்றடிக்கு உள்ளே எதையும் அது ஒன்றாக்காது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினேன். கேமராக் கடைக்காரர் முதலில், இதை வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியாது, வேறு கேமரா வாங்குங்கள் என்றார். லென்ஸைக் கழற்றி, அதற்கும் கேமராவுக்கும் நடுவில் போடும் வளையம் ஒன்றைக் காட்டினார். என் கேமராவில் லென்ஸ் கழலாது. பிறகு முன்னால் திருகும் கண்ணாடிகளை எடுத்து வைத்தார். ஒன்று, இரண்டு, நான்கு என்று எண் போட்ட மூன்று கண்ணாடிகள். மூன்றும் என் லென்ஸ் மரையில் அழகாக உட்கார்ந்தன. தனியாகப் பத்து என்று ஒன்று இருந்தது. அது கனமாகவும் பெரிதாகவும் இருந்தது, மரையிலும் சேரவில்லை. நான்காம் நம்பரை வைத்துக் கடைக்காரரின் ரசீதைப் பார்த்தேன், எழுத்து சற்றுப் பெரிதானது. பத்தை வைத்துப் பார்த்தேன், காகிதத்தின் நாரே தெரிந்தது. சேருகிறதை வாங்குவதா, காட்டுகிறதை வாங்குவதா என்று குழம்பினேன். குழந்தை சிணுங்க ஆரம்பித்தாள். பத்தையே வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியதும் தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றியது. சின்னமனூர் வரை அதே நினைப்புதான்.

வீட்டுக்கு வந்தேன். குழந்தை தூங்கும்போது ஒரு காதுத் தோட்டை மட்டும் கழற்றினேன். துளை தூர்ந்துவிடுமோ என்று பயந்து வேப்பங்குச்சியைச் செருகிவைத்தேன். தோட்டைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தங்கத்துக்குப் போடும் இருபத்திரண்டு எழுதியிருப்பது போலவும் இருந்தது, வெறும் கீறல் போலவும் இருந்தது. என் ஆசைதான் எழுதுகிறதோ என்று சந்தேகம். பிறகு பிளாஸ்திரி ஒட்டிக் கண்ணாடியைக் கேமராவில் பொருத்தினேன்.

முதல் ரோல் முழுக்க வீண். ஜன்னலில் தோடு நடுவில் தெரிந்தது, படத்தில் தோடே இல்லை. அதை வைத்திருந்த துண்டுதான் விழுந்திருந்தது, அதுவும் மங்கலாக. “துண்ட இம்புட்டுப் பக்கத்துல யாரும் எடுத்ததில்லம்மா” என்று ஃபிலிம் கழுவித் தரும் லேபில் இருந்தவர் சிரித்தார். சிரித்தவர்கள் கணக்கில் அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

ஜன்னலை நம்பக் கூடாது, லென்ஸ் பார்க்கிறதையே பார்க்க வேண்டும். ஃபிலிம் இல்லாமல் கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் இனிப்புப் பெட்டியின் பட்டர் பேப்பரை ஒட்டினேன். மொட்டைமாடி வெயிலில் அரிசி அளக்கும் படியைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்தேன். தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு, லென்ஸ் மூடாமல் திறந்தே இருக்கப் பட்டனை அழுத்தியபடியே பார்த்தேன். தோடு தலைகீழாகப் பேப்பரில் விழுந்தது. கோதுமை மாவு உருண்டையில் குத்திவைத்திருந்த தோட்டை முன்னும் பின்னும் நகர்த்தினேன். விளிம்பு கூர்மையான இடத்தில் நிறுத்தினேன்.

ஃபிலிம் போட்ட பிறகு இந்த இடம் மறுபடி எப்படிக் கிடைக்கும்? மகளுக்குச் சின்னதாகிப்போய் அவிழ்த்து வைத்திருந்த அரைஞாண் கயிறு ஞாபகம் வந்தது. ஒரு முனையை லென்ஸில் கட்டி, இழுத்துப் பிடித்து, தோடு இருக்கும் இடத்தில் முடிச்சுப் போட்டேன். படியைச் சுற்றியும் கேமராவைச் சுற்றியும் பென்சிலால் கோடு போட்டேன். மாவு உருண்டை இருந்த இடத்தையும் குறித்தேன். திருஷ்டி படாமல் இருக்கக் கட்டிய கயிறு. அது இந்த வேலைக்குத்தான் சரி என்று நினைத்தேன்.

அடுத்த ரோலில் எழுத்து விழுந்தது. மேலே கடையின் முத்திரை, அதன் கீழே 22. லேபிலேயே உட்கார்ந்து அழுதுவிடுவேனோ என்றிருந்தது. அழவில்லை. தாம்பாளம் அளவுக்குப் பெரிதாக்கித் தரச் சொன்னேன்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு நாத்தனார் வந்தார். தம்பியையும் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தேன். கல்யாண போட்டோவை இறக்கிவிட்டு அந்த ஆணியில் தோட்டின் படத்தை மாட்டியிருந்தேன்.

“என்னத்தா இது, அப்பளமா?”

“ஒங்க மருமக தோடு மதினி. பின்பக்கம்.”

“பின்பக்கத்த எதுக்கு மாட்டிவச்சிருக்க?”

“முன்பக்கம் மினுக்கும் மதினி. பின்பக்கந்தான கவரிங்கா தங்கமான்னு சொல்லும். கிட்டக்கப் போயி வாசிங்க.”

அவர் கிட்டே போகவில்லை. கை மட்டும் தானாகத் தன் காதுக்குப் போனது. “ஒங்களதயும் எடுக்கட்டுமா, கண்ணாடி இங்கனதான் இருக்கு” என்று கேட்டேன். முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். அவர் தோடு சுத்தத் தங்கமாகவே இருக்கலாம். அது எனக்குத் தேவையில்லை.

வாசலிலேயே நின்றிருந்த தம்பி உள்ளே வந்து சுவரைப் பார்த்தான். பிறகு கைகழுவிவிட்டு வந்து இலைமுன் உட்கார்ந்தான். குழந்தை இறங்கி விளையாடப் போகப் பார்த்தாள். நான் அவளை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“கையில பிள்ள இருக்கு மதினி. தம்பிக்கு நீங்களே பரிமாறிருங்க” என்று சொல்லிச் சாம்பார் வாளியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.