காத்தாடிக்குக் கீழே ஒரு நிழல்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டூடியோவில் நான் மட்டும் இருந்தேன். தேவதானத்து மாந்தோப்புக்கார அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, போன வருசம் நம்ம தோட்டத்துக் காத்தாடியப் படம் எடுத்துக் குடுத்தேல்ல... அதே படம் இன்னொண்ணு வேணும். கோயமுத்தூர்ல தம்பி வீட்டுக்கு."

ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் கரண்ட் வராத காலத்தில், கிணற்றுத் தண்ணீர் இறைக்க அவருடைய அப்பா நிறுத்திய காத்தாடி. இரும்புக் கால், தகர இறக்கை. இப்போது துருப்பிடித்துவிட்டது. மலைக்காற்று எவ்வளவு அடித்தாலும் சுற்றாது. முனகும்... அவ்வளவுதான்.

"போட்டுரலாம் அண்ணாச்சி."

"ஒண்ணு பாத்துக்கோ தாயி." குரலைத் தாழ்த்தினார். "அந்த நெழலு நல்லாத் தெரியணும்."

எந்த நிழல்?

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். சாயங்கால வெயிலில் காத்தாடியின் நிழல் நீளமாகத் தரையில் கிடக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு ஆளின் நிழல். இடுப்பில் கை வைத்து நிற்கிறது. ஆள் இல்லை. கால் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த புல் மட்டும்.

திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"எங்கய்யாதாம்மா," என்றார் அண்ணாச்சி. "செத்து எம்புட்டு வருசமாச்சு... தான் வச்ச காத்தாடியப் பாக்க வந்து நிக்காரு. மொதல்ல என் வீட்டுக்காரி பயந்துட்டா. பொறவு அதே நேரத்துக்குப் போயி நாங்களும் போன்ல எடுத்துப் பாத்தோம். நெழலு விழல. ஒன் படத்துல மட்டுந்தான் வந்திருக்காரு."

அந்த நிற்கிற தோரணையை எனக்குத் தெரியாதா? அது என் அண்ணன்.

அன்றைக்கு என்னை பைக்கில் கூட்டிப்போனது அவன்தான். பக்கத்தில் ஆள் நின்றால்தான் காத்தாடியின் உயரம் தெரியும் என்று அவனை நிறுத்தினேன். "ஏட்டி, சீக்கிரம் எடு. எறும்பு கடிக்கு," என்று கத்திக்கொண்டே நின்றான். அன்றைக்குத் தோட்டத்துக்கு வராத அண்ணாச்சி, ஆள் நின்றது தெரியாமலே மறுநாள் போனில், "ஆளு கீளு வேண்டாம்மா, காத்தாடி மட்டும் இருக்கட்டும்" என்றார். அண்ணனைப் படத்திலிருந்து அழித்துவிட்டேன். பத்து நிமிஷ வேலை.

பின்னாலிருந்து எட்டிப்பார்த்த அண்ணன் சிரித்தான். "அடிப்பாவி, நான் நின்ன தடமே இல்லையேட்டி!"

அதே ஃபைலிலேயே, பழைய படத்துக்கு மேலேயே சேவ் செய்தேன். கேமரா கார்டையும் அடுத்த முகூர்த்தத்துக்காகத் துடைத்துவிட்டேன். ஸ்டூடியோக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான்.

நாலே மாசத்தில் தென்காசி ரோட்டில் ஒரு லாரி. அவ்வளவுதான் அண்ணன்.

நான் எட்டாவதோடு நின்றவள் என்று, வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். எடிட்டிங் மட்டும் உருப்படியாக வரும். ஆளை அழித்தால் முதலில் நிழலை அழிக்கணும் — என் கைக்கே தெரிந்த பாடம். ஒரு கல்யாண ஆல்பத்தில்கூட விட்டதில்லை. அன்றைக்கு மட்டும் எப்படி விட்டேன்? பிரிண்ட் போட்டேன், ஃபிரேம் போட்டேன்... அப்போதும் ஏன் கண்ணில் படவில்லை? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அண்ணாச்சி, அது வந்து..."

"அமாவாசைக்கு அமாவாசை அந்தப் படத்துக்கு முன்னாடி எலை போட்டுப் படைக்கோம் தாயி," என்றார். "சோறு, பருப்பு, வாழைக்காப் பொரியல். எங்கய்யாவுக்குப் பல்லு கெடையாதா... அதான் சோத்தக் கொழைய வடிக்கச் சொல்லுவேன்."

வாயை மூடிக்கொண்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் அண்ணனுக்கு இலை போடுவதில்லை. கல்யாணம் ஆகாதவன், பிள்ளையும் இல்லை. யார் செய்வது? அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். "பெத்த மகனுக்கு நான் எள்ளும் தண்ணியும் விடணுமாக்கும்? அவன்ல எனக்கு விடணும்," என்று எழுந்து போய்விட்டார். அமாவாசையன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பே தாமதமாகத்தான் எரியும்.

ஆக, என் அண்ணனுக்கு இந்த உலகத்தில் சோறு வைக்கிறது ஒரே ஒரு வீடு. அதுவும் ஆள் மாறி. உண்மையைச் சொன்னால் அந்த இலையும் போய்விடுமே?

நிழலைக் கொஞ்சம் அழுத்தமாக்கிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அண்ணாச்சி படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்தவர் அப்பா பேரில் என் அண்ணனை உட்காரவைத்துவிட்டேனே... அந்தப் பெரியவர் எங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாரோ?

அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி, வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பேன் என்று சொன்னீர்களே... படத்தில் நிற்பது உங்கள் அய்யா இல்லை. திட்டணும் என்றால் ஸ்டூடியோவுக்கு வாருங்கள். இலையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

பக்கத்தில் இன்னொரு இலை போட மனசு வந்தால் — எங்க அண்ணனுக்குக் குழைந்த சோறு ஆகாது.