ஒரே கல்லறைக்கு இரண்டு பூச்சு

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே காரைக்காலில் எங்கள் ஆட்கள் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். புல்லைச் செதுக்கி, பாசியைச் சுரண்டி, வெள்ளையடித்து வைப்பார்கள். நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் பூவும் மெழுகுவத்தியும் வைத்துக் காத்திருந்தால், பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளிப்பார். ஒரு கல்லறைக்கு வருஷத்துக்கு ஒரு பூச்சு போதும். எங்கள் அப்பாவுக்கு மட்டும் இரண்டு.

அண்ணன் சனிக்கிழமை வெள்ளை அடிப்பார். நான் திங்கட்கிழமை போய் அதன்மேல் நீலம் அடிப்பேன். ஒரு வருஷம் அவர் புதன்கிழமை மறுபடி வந்து வெள்ளை அடித்துவிட்டார். அடுத்த வருஷம் நான் எனாமல் பெயின்டே வாங்கிக்கொண்டு போனேன். பன்னிரண்டு வருஷமாக எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான். தீர்த்தம் தெளிக்கிற நேரத்தில் அண்ணன் குடும்பம் அப்பா பக்கத்தில் நிற்கும். நான் நாலு வரிசை தள்ளி, எப்போதோ செத்துப்போன ஒரு பிரெஞ்சுக்காரர் கல்லறைக்குப் பின்னால் நிற்பேன். அவருக்கு நான் என்ன உறவு என்று ஒருமுறை சாமியாரே கேட்டார். தூரத்து உறவு என்று சொல்லிவைத்தேன்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அப்பா இறந்தபோது நான் சென்னையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஐப்பசி அடைமழை. விடியற்காலையில் அண்ணன் போன் செய்தார். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். கடலூர் தாண்டி ரோட்டில் தண்ணீர், பஸ் மணிக்கணக்காக நின்றது. நான் கல்லறைத் தோட்டத்துக்குள் ஓடிவந்தபோது குழியை மூடி, சிலுவை நட்டு, எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "வந்துட்டியா? கால கழுவிட்டுச் சாப்பிடு" என்றார்.

அப்பாவின் முகத்தை எனக்குக் காட்டாமல் பெட்டியை மூடிவிட்டு, சாப்பிடச் சொல்கிறார்!

அடுத்த வருஷமே வேலையை விட்டுவிட்டுக் காரைக்காலுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இரண்டு தெரு. ஒரே கோவில், ஒரே பூசை. இயேசு கற்பித்த செபத்தில், நாங்கள் மற்றவர்களை மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வரும் அல்லவா? அந்த இடத்தில் எனக்கு இருமல் வரும். கடவுள் என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்ற முன்ஜாக்கிரதை. "இந்த இருமலுக்கு மெடிக்கல்ல மருந்து கெடையாதுங்க" என்பாள் என் மனைவி. சாமியார் காதில் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கும் எங்கள் கோவிலில் போகமாட்டேன். பஸ் ஏறி வெளியூர் போவேன், அதுவும் காது மந்தமான ஒரு வயசான சாமியாரிடம். அவர் எல்லாப் பாவத்துக்கும் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம்தான் சொல்லக் கொடுப்பார்.

அப்பாவின் அடக்கத்துக்கு நான் வந்த கதையை நன்றாகச் சொல்வேன். கண்டக்டர் குரல், பஸ்ஸுக்குள் ஏறிய தவளை, சேற்றில் என் ஒற்றைச் செருப்பு, கடைசியில் அண்ணன் குரலிலேயே அந்த "சாப்பிடு". முதலில் சிரிப்பவர்கள் முடிவில் "ச்சே" என்பார்கள். அந்த "ச்சே"வுக்காகவே எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை டீக்கடையில் சொல்லியிருப்பேன்! ஆனால் கதையில் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன். பழக்கதோஷம்.

இந்த வருஷம் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆனது. அவருடைய மகள் கல்யாணமாகி பிரான்சில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்து அண்ணனையும் அண்ணியையும் தன்னோடு அழைத்துப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். எழுபத்து மூன்று வயதில் அங்கே போகிறவர் திரும்பி வருவார் என்று யாரும் சொல்லவில்லை.

திருநாளுக்கு முதல் நாள் அண்ணி எங்கள் வாசலில் வந்து நின்றார். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறை.

"தம்பி, நாளைக்கு அப்பா கல்லறைக்குப் போயே ஆவணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. இருக்கிறதே ஒத்தக் கால்தான். அந்த மண்ணுல வாக்கர் நிக்காது. ஒரு ஆளு கை வேணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "ரெண்டு கையும் சும்மாத்தான் கெடக்கு. எத்தன மணிக்குக்கா வரணும்?"

அண்ணி போனதும் என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கும் பேசாம வந்தீங்கன்னா, அவரு பிளேன் ஏறினதுக்கப்புறம் சுவத்தப் பாத்துதான் பேசணும். சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில் ஷேவிங் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். மன்னிக்கிறவன் முகம் எப்படி இருக்க வேண்டும்? கோவில் சுரூபங்களில் இருப்பதுபோல் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. சாயங்காலம் தைலம் தேய்த்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

அண்ணனை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்வரும் ஆட்டோக்காரர் குரும்பகரத்துக்காரர். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும், "ரெண்டு பேரும் ஒரே வண்டியா? அப்ப இன்னைக்கு மழ நிச்சயம் சார். வயல்ல எங்க பயிர் ஏற்கெனவே முங்கிக் கெடக்கு, பாத்துக்குங்க" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. நானும்.

கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்து அண்ணனை அக்குளுக்குள் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு நடந்தேன். சின்ன வயதில் என்னை உப்புமூட்டை தூக்கிய ஆள் இப்படி இளைத்துப்போவார் என்று நினைக்கவில்லை. அண்ணி கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். அண்ணி மெழுகுவத்தி வாங்க வாசலுக்குப் போனார்.

கல்லறையில் இந்த வருஷம் பூச்சே இல்லை. அவர் அடிக்காத வருஷம் எனக்கும் அடிக்கத் தோன்றவில்லை. பழைய பூச்சு செதில் செதிலாகக் கிளம்பி நின்றது. அண்ணன் குனிந்து நகத்தால் ஒன்றைப் பெயர்த்தார்.

"எனாமல அடிச்சிருக்கான் பாரு. செவுரு மூச்சு விட வேணாமாடா?"

அந்த "டா"வில் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அண்ணே, அன்னைக்கு நடந்தத நான் மன்னிச்சிட்டேன்."

"எத?"

"நான் வர்றதுக்குள்ள பெட்டிய மூடினத."

அவர் கல்லறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழியில தண்ணி ஊறிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு ஆளு வாளி வச்சு எறைச்சாங்க. மூணு மணிக்கு எடுக்க வேண்டியவர அஞ்சு வரைக்கும் நிறுத்தி வச்சேன். சாமியார் ரெண்டு தடவ மணி பாத்தாரு. யாருக்காக நிறுத்துனேன்?"

"தெரியும்ண்ணே."

"திங்கக்கிழம உனக்கு போன் பண்ணுனேனே, அது தெரியுமா?"

தெரியும். அதுதான் நான் சொல்லாத பாதி. அப்பா இறந்தது புதன் விடியலில். திங்கட்கிழமையே அண்ணன், "அப்பா உன்னக் கேக்குறாரு, கெளம்பி வா" என்று கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை எங்கள் மேனேஜருக்குப் பிரிவு உபசார விழா. மிமிக்ரி என் பொறுப்பு. அது முடிந்து மறுநாள் போகலாம் என்று இருந்துவிட்டேன். மேனேஜர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போடுவதை நடித்துக் காட்டினேன். கைதட்டல் ஓயவில்லை. அன்றைக்கு நடித்ததுபோல நான் அதற்கு முன்னும் நடித்ததில்லை, பின்னும் இல்லை.

அண்ணன் சொன்னார்: "செவ்வாக்கெழம பூரா கண்ணத் தொறந்து தொறந்து கேட்டாரு. பஸ் ஏறிட்டான்னேன். புதுச்சேரி வந்துட்டான்னேன். கொஞ்சம் கழிச்சு சிதம்பரம்னேன். சீர்காழின்னேன். தரங்கம்பாடி தாண்டிட்டான்ப்பான்னேன். அதுக்கு மேல ஊரு இல்லடா."

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. நாற்காலி ஒன்றுதான்.

"சாவப்போற மனுசன்கிட்ட அத்தன பொய். அத பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். உன் மேல இருக்கிற கோவத்தையும் சொன்னேன். மன்னிச்சிடுங்கன்னாரு சாமியார். சரின்னுட்டு வந்தேன். முடியல. வருஷா வருஷம் போயி அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா என்னைய மன்னிக்க வந்திருக்க."

மொய்க் கவரோடு தப்பான கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தவன் மாதிரி நின்றேன். பன்னிரண்டு வருஷமாக மன்னிப்பு என் கையில்தான் இருக்கிறது, கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் என் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! அது இருந்தவரை செவ்வாய்க்கிழமையை நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சாமியார் மூன்று கல்லறை தள்ளி வந்துவிட்டார். உபதேசியார் கையில் தீர்த்தச் செம்பு. என் வாயில் வரிசையாக ஜோக்குகள் வந்து நின்றன. நல்ல ஜோக்குகள். அத்தனையையும் விழுங்கினேன். கண்ணாடி முன்னால் பார்த்த ஒத்திகை எதற்கும் உதவவில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே."

குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

சாமியார் வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தீர்த்தம் அப்பா மேல் கொஞ்சம், எங்கள் மேல் கொஞ்சம் விழுந்தது. சாமியார் அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். அதற்குள் திரும்பி வந்திருந்த அண்ணி ஏற்றிவைத்த மெழுகுவத்தி காற்றில் அணைய, அவரே குனிந்து மறுபடி ஏற்றினார்.

"கேட்டுட்ட" என்றார் அண்ணன். "கேக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"நீங்க?"

"பாக்கலாம்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அவரைப் பூசைக்கு அழைத்துப் போகிறேன். கோவில் படியில் ஏறும்போது என் தோளில் கை போட்டு அழுத்துகிறார். முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார், பிரான்சுக் குளிருக்கு வாங்கிய கம்பளிச் சட்டை குத்துகிறது என்பார். அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் வரவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை. பாட்டு, வாசகம், பிரசங்கம் எல்லாம் தாண்டி என் காது அவர் பக்கமே இருக்கிறது. அவர் கிளம்ப இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது.