நீர் வற்றிய தெரு

மார்ச் 9, ஞாயிறு. வழக்கம்போல் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனேன். "மஸ்கெலியா டேம்ல தண்ணி வத்திப்போச்சும்மா, பழைய ஊரு முழுசா தெரியுது," என்றார் மரக்கறிக்காரர். அவரிடம் வாங்கிய லீக்ஸ் தண்டுகளை வீட்டில் கழுவினேன். வேரில் ஒட்டியிருந்த மலைமண் நனைந்து மணந்தது.

அதே மணத்தைச் சிறுவயதில் மஸ்கெலியாவில் முகர்ந்திருக்கிறேன். அப்போது நாங்கள் இருந்த கொட்டாஞ்சேனையிலிருந்து நீர்வீழ்ச்சியும் மானும் பார்க்கப் போன எங்கள் வான் வண்டியை அம்மா அணைக்கட்டருகே நிறுத்தச் சொன்னார். அணைக்காக மூழ்கடித்த அவர் பிறந்த ஊர், அந்த வறட்சியில் கோயில் சுவரும் முழங்கால் உயர அத்திவாரங்களும் வெடித்த சேறுமாகப் பாதி வெளியே வந்திருந்தது. நான் குறுக்கே ஓடினேன்.

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள பூந்தா போவாங்க? ரோட்டால வா!" என்றார் அம்மா.

இல்லாத வீடுகளைச் சுற்றி, இல்லாத தெருவில் அவர் பின்னால் வளைந்து வளைந்து நடந்தேன். தெரு தண்ணீருக்குள் இறங்கியது.

"உங்கட வீடு எங்க அம்மா?"

"இன்னும் ரெண்டு வீடு தள்ளி," என்று தண்ணீரைக் காட்டினார்.

மரக்கறிக்காரர் சொன்னதை அந்த ஞாயிறு இரவு அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா," என்றார், அவ்வளவுதான்.

திங்கள் காலை முதல் வேலையாக வாடகை வான்காரரை அழைத்தேன். அம்மா அதற்கு முன்பே சேலை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.