மேலூரில் கட்டப்பட்ட ஆட்டுக்குட்டி

சிறுவர்களுக்காக நான் எழுதிய கதையொன்று மறுபதிப்புக்கு அச்சகம் சென்றிருந்த வாரத்தில், திருமங்கலத்திலிருந்து தம்பி மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"பெரியப்பா, ஒங்க பேத்தி ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல. ஒங்க புத்தகம் படிச்சதுல இருந்துதான். நீங்களே பேசுங்க."

பேத்திக்கு ஒன்பது வயது. முகமன் ஏதுமின்றிக் கேட்டாள்: "பெரிய தாத்தா, ஆட்டுக்குட்டிய யாரு அவுத்து விட்டா?"

எனக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள். அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண ஒரு குடும்பம் நடந்து வருகிறது. அவர்களோடு ஓர் ஆட்டுக்குட்டியும் வருகிறது. மேலூரில் கால் சோர்ந்து பேருந்தில் ஏறுகிறார்கள். ஆட்டை ஏற்ற நடத்துநர் மறுக்கிறார். டீக்கடைக்குப் பின்னால் வேப்பமரத்தில் அதைக் கட்டிவிட்டு, "இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிப் போகிறாள் கதையின் சிறுமி. அத்துடன் சரி. அதன்பின் ஆட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

புத்தகத்தைப் புரட்டினேன். உண்மைதான். வைகைக் கரைக்கு வந்ததும் நான் கதையை மறந்து பெருமாளிடம் போயிருக்கிறேன். திருவடி தொடங்கித் திருமுடி வரை மூன்று பக்கம் பாதாதிகேசம் பாடியிருக்கிறேன். அந்தச் செய்யுள்களைப் பாராட்டிய நண்பர்களுள் ஒருவருக்கும் ஆட்டின் நினைவு வரவில்லை. எனக்கே வரவில்லையே!

"கதை அழகரைப் பத்தினதும்மா" என்றேன், சற்றே வீம்பாக.

"அதுவும் சாமி பாக்கத்தான தாத்தா நடந்து வந்துச்சு?"

பின்னாலிருந்து அவள் தாயின் குரல் சிரித்தது: "டீக்கடைக்குப் பக்கத்துல பிரியாணிக் கடை இருந்தா என்னாகும்னு கேட்டு அழுகுறா பெரியப்பா!"

உடனே அச்சகத்துக்குப் போனேன். அச்சகத்தார் கைகூப்பினார். "ஐயா, நாளைக்கு மெஷின்ல ஏத்துறோம். பக்கத்தக் கூட்ட முடியாது. நீங்க ஒண்ண எழுதுனா ஒண்ண எடுக்கணும். எம்புட்டு வேணும்?"

"இரண்டு பக்கம்" என்றேன். ஒன்று ஆட்டை அழைத்துவர. மற்றொன்று அது தரிசிக்க.

அன்று மாலை பூசையை முடித்துவிட்டு அமர்ந்தேன். எதை எடுப்பது? கூட்டம் வரும் பக்கங்களை எடுத்தால் திருவிழா இல்லை. செய்யுளிலோ, திருவடிக்கும் திருமுடிக்கும் இடையே ஓர் அங்கத்தை விடுவது மரபன்று. ஆனால் கண்டவன் கண் திருவடியிலேயே தங்கிவிட்டது என்று பாடி நிறுத்தலாம். அடியார் நெஞ்சுக்கு அது இயல்பே. அவ்வாறே திருவடிப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஓராண்டு உழைத்த மற்ற இரண்டையும் அடித்தேன். பேனா தயங்கியது. மறைப்பானேன், இரண்டு முறை தயங்கியது.

புதிய பக்கங்களில் சிறுமி அழுது அடம்பிடிக்கிறாள். அவள் தந்தை மேலூருக்குத் திரும்புகிறார். வாழைத்தார் ஏற்றிவந்த லாரியில் ஆடு மதுரைக்கு வந்து சேர்கிறது, வழியெல்லாம் இலையைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் காலை பேத்திக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். லாரி வந்ததும் கைதட்டினாள். பிறகு நிறுத்தச் சொன்னாள்.

"அது குட்டி. அம்புட்டுக் கூட்டத்துல அதுக்கு என்ன தெரியும்? ஆளுக காலுதான் தெரியும்."

"அப்பா தோளில் தூக்கிக்கொள்கிறார் என்று எழுதட்டுமா?"

சற்று யோசித்தாள். "அந்தப் பாப்பாவ?"

"அவளுக்கு இன்னொரு தோள்."

"சரி. தண்ணி காட்டிட்டுத் தூக்கச் சொல்லுங்க. தாகமா இருக்கும்."

அதையும் ஓரத்தில் எழுதினேன். பக்கங்களை வாங்கிப்போக வந்திருந்த அச்சகத்தார் வாசலில் நின்றபடியே கேட்டார்: "ஐயா, இனி மாத்த மாட்டீங்களே?"

"இரும்" என்று சொல்லி, தொலைபேசியை அவர் காதில் வைத்தேன்.

"அண்ணே, அச்சடிங்க" என்றது திருமங்கலம். "நான் சாப்பிடப் போறேன்."