அழகிரிசாமி தயாரித்த லிப்ஸ்டிக்

பீளமேட்டு அழகிரிசாமிக்குத் தெரியாத தொழில் கிடையாது என்பது அழகிரிசாமியின் கருத்து. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குப் பொடிச் சாயம் விற்று வந்த மனிதர், தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஒருநாள் மகளின் லிப்ஸ்டிக்கை நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்து, ஆராய்ச்சியை முடித்துக்கொண்டார்.

“மெழுகு, எண்ணெய், சாயம். இதுக்கா இத்தனை அலட்டல்?”

உதட்டில் பூசும் நிறமி வேறு, துணியில் ஏற்றும் சாயம் வேறு என்று பம்பாயிலிருந்து வந்த விற்பனையாளர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். இரும்பு ஆக்சைடு, வாய்க்குள் போனாலும் கெடுதல் செய்யாத சிவப்புகள் என்று மாதிரிகளைப் பரப்பியும் காட்டினார். அழகிரிசாமி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, குடோனில் கிடந்த சாய மூட்டையைப் பிரித்தார். விளக்கெண்ணெய் விட்டு, மாவாட்டும் கிரைண்டரில் அரைத்தார். தேன்மெழுகுக்குப் பதில் மெழுகுவத்தி. மினுக்கத்துக்குக் காக்காப்பொன் தூள். நாற்றம் தெரியாமலிருக்க ரோஜா எசென்ஸ். குழாயின்மேல் ‘சைத்ரா’ என்று மகள் பெயரைப் போட்டு, கீழே ‘பிரெஞ்சு முறை’ என்றும் அச்சடித்தார். பிரான்சுக்கு வழி கேட்டால் போத்தனூர் ஸ்டேஷனில் விசாரிக்கச் சொல்லியிருப்பார்.

“ஏனுங்க, நம்ம புள்ள இதைப் பூச வேண்டாமுங்க” என்றார் மனைவி ராமாமணி.

“நம்ம புள்ளைக்கு எதுக்கு? இது விக்கறதுக்கு.”

இந்த ஒரு பதிலுக்காகவே அவரைச் சாயத்தொட்டியில் முக்கியெடுத்திருக்கலாம்.

போத்தனூரில் பியூட்டி பார்லர் நடத்திய சாந்தாமணி, கடைக்காரர் பேச்சை நம்பி அதை வாங்கினார். வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண் சண்முகப்ரியாவுக்குப் பூசினார். தாலி கட்டுவதற்குள் பெண்ணின் உதடு தடித்து வீங்கிவிட்டது. தேங்காயெண்ணெய் வைத்துத் துடைத்ததில் தோல் உரிந்ததே தவிர, நிறம் போகவில்லை. எரிச்சல் தாங்காமல் அழுதுகொண்டே மாலை மாற்றினாள். பெண்ணுக்கு ஏதோ நோய் என்று மாப்பிள்ளை வீட்டார் குசுகுசுத்தார்கள்.

மறுநாளே சாந்தாமணி குடோனுக்குப் போனார். புதுச் சரக்கெடுக்க வந்த கடைக்காரர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏனுங்க, இதுல என்னத்தப் போட்டீங்க? அந்தப் புள்ளைக்கு வாயே வெந்துபோச்சுங்க.”

“சரக்குல குத்தமில்லீங்க அம்மணி. அந்தப் புள்ளையோட தோலு அப்படி.”

“அப்ப உங்க தோலு நல்ல தோலாத்தான் இருக்கும். பூசிக் காட்டுங்க.”

கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்தால் வியாபாரம் போகும். அழகிரிசாமி ஒரு சிரிப்புச் சிரித்து, மீசைக்குக் கீழே பட்டையாகப் பூசிக்கொண்டார்.

“பாத்தீங்களா? ஒண்ணுமில்லை.”

சாந்தாமணி போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். சற்று நேரத்தில் அழகிரிசாமி உதட்டைக் கடித்தார். பிறகு தண்ணீர் கேட்டார். பிறகு பேச்சை அப்படியே விட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். கடைக்காரர்கள் சரக்குப் பெட்டியைத் தொடாமல் கிளம்பிப் போனார்கள்.

அழகிரிசாமியின் கெட்ட நேரம், அந்த வாரமே சைத்ராவைப் பெண் பார்க்க வந்தார்கள். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, “பல்வலிங்க” என்று முனகினார். காபி குடிக்கக் கைக்குட்டையை எடுத்தே ஆகவேண்டியிருந்தது. வீங்கிச் சிவந்த அந்த உதட்டைப் பார்த்து மாப்பிள்ளையின் தாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“பல்வலி இல்லீங்க” என்றாள் சைத்ரா நிதானமாக. “எம் பேரைப் போட்டு ஊருக்கெல்லாம் வித்த லிப்ஸ்டிக்குங்க. அப்பா இப்பத்தான் மொதல் தடவ பூசிப் பாத்திருக்காருங்க.”

சம்பந்தம் முடிவானது. இத்தனை வெளிப்படையாகப் பேசும் பெண்தான் வேண்டும் என்றாராம் அந்தத் தாய்.

மனிதர் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். தேங்கிய சரக்கையெல்லாம் உருக்கி டப்பாவில் அடைத்து, சிவப்புச் சிமெண்டுத் தரைக்குப் பாலிஷ் என்று விற்றார். நன்றாகவே போயிற்று. தரைக்கு எரியாதே!

சண்முகப்ரியாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டவர் சாந்தாமணிதான். அழகிரிசாமி அந்தப் பக்கம் பாலிஷ் விற்கக்கூடப் போகவில்லை.